தொடுவதற்கென்று செய்த கோயில்

அருங்காட்சியகத்துக் கண்ணாடியைக் கழற்றியது நான்தான். கிரேக்கத்தில் எங்கள் சின்ன ஊரான அல்மிராவில் அதைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நான் குடித்திருந்தேனாம். மேயரோடு எனக்குப் பழைய பகையாம். அன்று காலையிலிருந்து என் வயிற்றுக்குள் போனது ஒரு காபி மட்டும். மேயர் கிளியாந்திஸோடு அதுவரை எனக்கு ஒரு வம்பும் கிடையாது. போன தேர்தலில் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

என் பெயர் ஸினோவியா. கட்டடங்களுக்கு மாதிரி செய்வது என் தொழில். இஞ்சினியர்கள் வரைபடத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஹோட்டலோ அடுக்குமாடியோ, மேசையில் வைக்கிற அளவுக்குச் சுருக்கி மரத்திலும் அட்டையிலும் செய்து தருவேன். வீடு வாங்க வருகிறவர்கள் குனிந்து பார்ப்பார்கள். பால்கனியைத் தொட ஒரு விரல் நீளும். உடனே பக்கத்தில் நிற்கிற விற்பனையாள், “தொடாதீங்க” என்பான். என் பிழைப்பு முழுக்க அந்தச் சொல்லோடுதான் ஓடியது.

அதனால்தான் நகராட்சி அந்த வேலையைக் கொடுத்தபோது துள்ளிக் குதித்தேன். ஊருக்கு மேலே குன்றில், விளைச்சலுக்குத் தெய்வமான தெமெத்தர் தேவியின் பழங்காலக் கோயில் இருக்கிறது. இருக்கிறது என்றால் மூன்று தூண்களும் புல் முளைத்த படிகளும். அது முழுசாக இருந்த காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே, மதில், பலிபீடம், கும்பிட வந்த சனம், பலிக்குக் கொண்டுவந்த பன்றிகள் எல்லாவற்றோடும் ஒரு மாதிரி செய்ய வேண்டும். பார்ப்பதற்கு அல்ல, தொடுவதற்கு. கண் தெரியாதவர்கள் கையால் தடவித் தெரிந்துகொள்வதற்கு. ஐரோப்பிய உதவி அதற்கென்றே வந்திருந்தது. ‘தொட்டறியும் அருங்காட்சியகம்’ என்று காகிதத்தில் பெரிய எழுத்தில் பெயரும் போட்டிருந்தார்கள்.

நகராட்சிக்குப் போன் செய்தேன்.

“செய்யச் செய்ய தொட்டுப் பார்த்துச் சொல்ல ஒருத்தர் வேணும். கண் தெரியாதவங்க யாராவது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். இப்ப நீங்க பேசிக்கிட்டிருக்கிறது அவன்கிட்டதான்” என்றது அந்தக் குரல்.

அது ஆர்கிரிஸ். நகராட்சியின் டெலிபோன் ஆபரேட்டர். அந்தக் குரலை அறியாதவர் ஊரில் இல்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும், அம்மாவுக்கு மூச்சுத் திணறுகிறது என்றாலும், நாங்கள் முதலில் அவனைத்தான் கூப்பிடுவோம். ஆனால் அவனுக்குக் கண் தெரியாது என்பது எனக்கு அந்த நிமிடம் நினைவில் இல்லை. குரலுக்குக் கண் எதற்கு?

மறுநாள் மாலை வேலை முடிந்து என் பட்டறைக்கு வந்தான். என் வயதுதான் இருக்கும். கம்பை மடக்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, எள்ளு வளைய ரொட்டி இரண்டை மேசைமேல் வைத்தான். நான் ஏற்கெனவே நூறில் ஒரு பங்கு அளவில் ஒரு மூலையைச் செய்து பார்த்திருந்தேன். அவன் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். இரண்டு தூண்களுக்கு நடுவே ஆள்காட்டி விரலை விட்டான். விரல் மாட்டிக்கொண்டது. எண்ணெய் விட்டுத்தான் எடுக்க முடிந்தது.

“கோயில் செய்யச் சொன்னாங்களா, எலிப்பொறி செய்யச் சொன்னாங்களா?”

“முதல் நாளே குறை சொல்ல வந்துட்டீங்க.”

“அதுக்குத்தானம்மா கூப்பிட்டீங்க.”

அந்த மூலையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஐம்பதில் ஒரு பங்கு அளவில் மறுபடி தொடங்கினேன். இப்போது விரல் தூணைச் சுற்றி வரும்.

அவனுக்கு நாலு வயதில் காய்ச்சல் வந்து பார்வை போயிற்று. குன்றின்மேல் இருக்கிற தூண்களை அவன் எத்தனையோ முறை தொட்டிருக்கிறான். கை எட்டுகிற வரைக்கும் அவனுக்கு அவை அத்துப்படி.

“அதுக்கு மேல?” என்று ஒருநாள் கேட்டான். “அதுக்கு மேல என்ன இருக்கு?”

எங்கள் மொழியில் தூணின் உச்சிக்குத் தூண்மண்டை என்றே பெயர். நானும் அதைத்தான் சொன்னேன்.

“அதேதான். எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. சின்ன வயசுல, மேல நிஜமாவே ஒரு மண்டை ஓடு இருக்கும்னு நெனச்சு ராத்திரியெல்லாம் பயந்திருக்கேன். அப்புறம் பள்ளிக்கூடத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா கைக்கு இன்னும் தெரியாது.”

முதல் தூணுக்கு உச்சி செய்து முடித்ததும் அதைத் தனியாக அவன் கையில் கொடுத்தேன். வெகுநேரம் உருட்டினான். கீழே வளைந்த கிண்ணம், மேலே சதுரப் பலகை. அவன் முகத்தில் ஏதாவது தெரியும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சும்மாடு” என்றான்.

“என்னது?”

“எங்கம்மா திராட்சைக் கூடை தூக்கும்போது தலையில துணியைச் சுருட்டி வெச்சுப்பா. அதுதான் இது. சுமை தூக்குறவன் தலையில வெச்ச சும்மாடு.” மறுபடி ஒரு தடவை உருட்டிப் பார்த்து, “இதைச் சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரல பாரு” என்றான். அப்போதுதான் அவன் முதன்முதலாக என்னை நீ என்றது.

குளிர்காலம் முழுக்க அப்படியே போயிற்று. பளிங்குத் தூளை ரெசினில் கலந்து அச்சில் ஊற்றி ஒவ்வொரு தூணாக எடுப்பேன். அவன் தடவிப் பார்த்து, தூணில் ஓடுகிற வரிகளின் விளிம்பு விரலைக் கிழிக்கிறது என்பான். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். இப்போது வழவழவென்று சோப்பாகிவிட்டது என்பான். கூரை ஓடுகளை நிஜ மண்ணில் சுட்டேன். கதவு ஆலிவ் மரம். கூரையில் பாதி கழன்று வரும். கையை உள்ளே விட்டால் கருவறையில் தேவி உட்கார்ந்திருப்பாள். அந்த யோசனை அவனுடையது. பொம்மை மனிதர்களைப் பார்த்துத்தான் அதிகம் கத்தினான்.

“எல்லாரும் போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்குறாங்க. கோயிலுக்கு வந்தவங்க இப்படியா நிப்பாங்க? ஒருத்தி செருப்பு வாரை இழுத்துக் கட்டணும். ஒருத்தனுக்குப் பன்னி கையை விட்டு ஓடணும்.”

“உனக்கென்ன ராசா, சொல்லிட்டுப் போயிடுவே. செய்யுறவளுக்குத்தானே இடுப்பு ஒடியுது.”

“ஒடியட்டும். அம்பது வருஷமா எனக்கு வாயாலதான் எல்லாம் காட்டியிருக்காங்க.”

செய்தேன். தூணில் ஒரு கையை ஊன்றி, ஒரு காலைத் தூக்கி வாரைக் கட்டுகிற பெண். என் சுண்டுவிரலில் பாதி உயரம். பட்டறைக்கு வந்ததும் ஆர்கிரிஸ் முதலில் அவளைத்தான் தேடுவான்.

ஈஸ்டர் முடிந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. வெள்ளிக்கிழமையே மாதிரியைக் கொண்டுபோய் ஹாலின் நடுவில், கைக்கு எட்டுகிற உயரத்தில், பீடத்தில் பொருத்தினேன். புள்ளி எழுத்தில் விளக்கம் பொறித்த பித்தளைத் தகட்டைப் பீடத்தின் ஓரத்தில் ஒட்டினேன். அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்கிற தெயானோ, அந்தச் சாந்தமான பெண், கண் கலங்கிப் போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை போனேன். வாசலில் பள்ளிக்கூட பேண்டு. ஏதென்ஸிலிருந்து கலாச்சார அமைச்சகத்து அதிகாரி அம்மா ஒருவர் வந்திருந்தார். பாத்ராஸிலிருந்து ஒரு பேருந்து. பார்வையற்றோர் சங்கத்துக்காரர்கள் கம்பைத் தட்டித் தட்டி இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஹாலுக்குள் நுழைந்தேன்.

கோயில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

நாலு பக்கமும் மேலேயும் மூடிய பெரிய பெட்டி. மூலைக்கு மூலை பித்தளைப் பூண், திருகாணி. மேலேயிருந்து ஒரு விளக்கு வேறு. நான் ஒட்டிய புள்ளி எழுத்துத் தகடும் உள்ளே போய்விட்டது. கண் தெரியாதவன் படிப்பதற்கான எழுத்தைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கடை ஸ்டாத்திஸ் ஒரு ஓரமாக நின்றான். என்னைப் பார்த்ததும் தரையைப் பார்த்தான்.

“எனக்கும் நேத்துதான் சொன்னாங்க” என்றாள் தெயானோ. “ஆபீஸ்லேருந்து ஆள் வந்து மாட்டிட்டுப் போயிட்டாங்க. நான் என்ன செய்யட்டும் சொல்லுங்க.”

மேயரைத் தேடிப் பிடித்தேன். நெஞ்சில் நீல வெள்ளைப் பட்டை குத்திக்கொண்டு பாதிரியாரோடு பேசிக்கொண்டிருந்தார்.

“இது என்ன மேயர் ஐயா?”

“வாங்க ஸினோவியா. எல்லாரும் உங்களைத்தான் புகழ்றாங்க. அவ்வளவு அழகு.”

“கண்ணாடி எதுக்கு?”

“நீங்களே யோசிங்க. ஆயிரம் பேர் கை பட்டா ஒரே வருஷத்துல அழுக்கேறி நாசமாயிடும். உங்க உழைப்பைக் காப்பாத்தத்தானே செஞ்சோம்.”

“கை படறதுக்குத்தானே ஐயா செஞ்சது.”

“வேணும்னா, சங்கத்திலேருந்து முன்கூட்டியே எழுதிக் கேட்கட்டும். கூட்டம் இல்லாத நாளாப் பார்த்துத் திறந்து காட்டச் சொல்றேன்.”

“நீங்க இப்ப பார்க்குறீங்களே, எழுதிக் கேட்டுட்டா பார்க்குறீங்க?”

அவர் சிரிப்பு அப்படியே இருந்தது. குரல் மட்டும் தாழ்ந்தது. “இன்னிக்கு வேண்டாம்மா. விருந்தாளி வந்திருக்காங்க.”

பேண்டு நின்றது. பாதிரியார் எங்கள் வழக்கப்படி துளசிக் கொத்தைப் புனித நீரில் தோய்த்துத் தெளித்தார். துளிகள் கண்ணாடியில் வழிந்தன. மேயர் ஒலிபெருக்கி முன்னால் நின்று, இன்று முதல் அல்மிராவில் பார்க்க முடியாதவர் என்று யாருமில்லை என்றார். கை தட்டினார்கள். அந்த நேரத்தில் பாத்ராஸ்காரர்கள் பெட்டியைச் சுற்றி வந்து நின்றிருந்தார்கள். கண்ணாடிமேல் கைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. எழுபது வயதிருக்கும், வெள்ளை முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண், இரண்டு உள்ளங்கைகளையும் பரப்பி வைத்து மேலும் கீழும் தேடினாள்.

“எங்க இருக்கு?” என்று பக்கத்தில் நின்ற என்னைக் கேட்டாள்.

“உள்ள இருக்கு.”

“உள்ள எப்படிப் போறது?”

“போக முடியாது. மூடியிருக்காங்க.”

“அப்ப எங்களை எதுக்கு வரச் சொன்னாங்க? ஜன்னல் தொடைக்கவா?”

அவள் பேசி முடிக்கவில்லை, அருங்காட்சியகக் காவலாளி துணியோடு வந்து அவள் கை இருந்த இடத்தைத் துடைத்தான். அவள் கையை நகர்த்தினாள். அங்கேயும் வந்து துடைத்தான். அவர்கள் விரல் பட்ட ஒவ்வொரு இடத்தையும் பின்னாலேயே துடைத்துக்கொண்டு போனான். யாரோ அவனிடம் அப்படிச் செய்யச் சொல்லியிருந்தார்கள்.

அடுத்து ஆர்கிரிஸைப் பேச அழைத்தார்கள். அப்பாடா என்றிருந்தது. இவன் கிழித்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் நாக்கு எனக்குத் தெரியும்.

“மேயர் அவர்களுக்கும் அமைச்சகத்துக்கும் எங்கள் எல்லார் சார்பிலும் நன்றி” என்றான், அந்த டெலிபோன் குரலில். “மாதிரியைச் செய்த ஸினோவியாவுக்கும் நன்றி. எல்லாரும் வந்து பாருங்கள்.” இறங்கிவிட்டான்.

வெளியே போய், வெயிலில் நின்றுகொண்டிருந்தவனைப் பிடித்தேன்.

“நன்றியா? எதுக்குடா நன்றி?”

“மெதுவாப் பேசு.”

“குளிர்காலம் பூரா அது சரியில்ல இது சரியில்லன்னு என் உயிரை எடுத்தே. இன்னிக்கு அந்த ஆள் உன் முன்னாலயே பூட்டி வெச்சுட்டு நிக்கிறான், நன்றி சொல்லிட்டு வர்றே.”

“எனக்கு மூணு வருஷத்துல பென்ஷன். அந்த ஆளுக்குக் கீழதான் வேலை. அக்கா வீட்டுல இருக்கேன். உனக்குப் பட்டறை இருக்கு, நாளைக்கு வேற ஊர்லேருந்து இஞ்சினியர் வருவான். எனக்கு யாரு வருவா?”

“பயந்தாங்கொள்ளி.”

“ஆமா. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. உனக்கு வந்திருக்கிற கோபம் எனக்காக இல்ல. நீ செஞ்சதை உன்னைக் கேட்காம மூடிட்டாங்கன்னு வந்த கோபம். கண்ணாடி எனக்குப் புதுசு இல்லம்மா. உனக்குத்தான் புதுசு.”

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அதில் பாதி உண்மை. அதனால் கோபம் இரண்டு மடங்காயிற்று. “போ, போய் அவனோட மீன் சாப்பிடு” என்றேன். போய்விட்டான். விருந்தினர்களுக்குத் துறைமுகத்துச் சாப்பாட்டுக்கடையில் மேசை போட்டிருந்தார்கள். அவனுக்கும் இடம் இருந்தது.

பாத்ராஸ்காரர்களுக்கு அங்கே இடம் இல்லை. அவர்கள் எதிரே இருந்த காபிக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். கால் அந்தப் பக்கம்தான் போயிற்று. வெள்ளை முடிக்காரி என் காலடியைக் கேட்டதும் தலையைத் திருப்பினாள். பெயர் ரொடாந்தி. முப்பது வருடம் பார்வையற்றோர் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள்.

“நீதானே அதைச் செஞ்சவ? உன் மூச்சுலயே தெரிஞ்சுது. எருமை மாதிரி சீறிக்கிட்டிருந்தே.”

“நான்தான்.”

“வருஷா வருஷம் பிள்ளைங்களுக்குக் கோயில் நடத்தினேன். மூணு படி, சுத்தித் தூண், மேல முக்கோணம். கையில ஒரு தீப்பெட்டியைக் கொடுத்து, இதுதான் கருவறைன்னு நெனச்சுக்கங்கன்னு சொல்லுவேன். இன்னிக்காவது தொடலாம்னு விடியக்காலையில எழுந்து பஸ் ஏறினேன்.” காபியைத் தள்ளி வைத்தாள். “அது எப்படிக் கழலும்?”

“என்ன?”

“கண்ணாடி. எப்படிக் கழலும்னு கேட்டேன்.”

நான் அதுவரை அதை யோசிக்கவில்லை. யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் உண்மை. “நாலு மூலையிலயும் திருகாணி. கழட்டினா அப்படியே மேல தூக்கணும். பாரம் ஜாஸ்தி. தனியா ஆகாது.”

“நாங்க இத்தனை பேரு இருக்கோம். கண்ணுதான் இல்ல, கை இருக்கே.”

பட்டறை பக்கத்துத் தெருவில். திருப்புளியை எடுத்துக்கொண்டு, போகிற வழியில் ஸ்டாத்திஸ் வீட்டுக் கதவைத் தட்டினேன். கண்ணாடியில் அழுத்தினால் பிடித்துக்கொள்கிற ரப்பர் கைப்பிடிகள் அவனிடம் இருக்கும். எதற்கென்று அவன் கேட்கவில்லை. எட்டுப் பிடியைக் கொடுத்தான். “பின்பக்க இடது மூலையில பசையும் போட்டிருக்கு, பிளேடால கீறிக்க” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

நாங்கள் உள்ளே போனபோது ஹாலில் தெயானோ மட்டும் இருந்தாள். காவலாளியும் சாப்பிடப் போயிருந்தான்.

“என்ன செய்யுறீங்க? ஸினோவியா, வேண்டாம். எனக்கு வேலை போயிடும்.”

“நீ பார்க்கல. வெளிய போ.”

அவள் போகவில்லை. போனைக் கையில் எடுத்தாள். போலீசுக்கோ மேயருக்கோ என்று நினைத்தேன். இந்த ஊர்க்காரி ஆயிற்றே, பழக்கம் விடவில்லை, ஆர்கிரிஸின் மொபைலுக்குப் போட்டாள். “அண்ணே, ஸினோவியா கண்ணாடியைக் கழட்டுறாங்க, என்ன செய்யட்டும்?” என்று அழுதாள். அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னானோ, போனை வைத்துவிட்டு மூலை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

திருகாணிகளைக் கழற்றினேன். பசையைக் கீறினேன். பக்கத்துக்கு இருவராக நிற்க வைத்து, பிடிகளைக் கையில் கொடுத்தேன். “நான் சொன்னதும் நேரா மேல. யாரும் பக்கவாட்டுல இழுக்காதீங்க.”

“பாடம் நடத்தாம சொல்லு” என்றாள் ரொடாந்தி.

தூக்கினோம். கோயில் உச்சியைத் தாண்டுகிற நேரத்தில் ஒரு பிடி நழுவியது. பெட்டி சரிந்து முன்முகப்பின் மூலையில் இடித்தது. ஓட்டுத்துண்டு ஒன்று தெறித்துத் தரையில் உருளுகிற சத்தம் கேட்டது. நான் சொன்ன கெட்ட வார்த்தையை இங்கே எழுத முடியாது. ஆனால் யாரும் கையை விடவில்லை. பெட்டியைத் தரையில் இறக்கினோம். கண்ணாடியின் ஒரு விளிம்பு விரிசல் விட்டிருந்தது.

கைகள் இறங்கின. படியில், தூணில், மதிலில், பன்றிகளின் முதுகில். ஒரு பெரியவர் பலிபீடத்தில் கையை வைத்தபடி எடுக்கவே இல்லை. நான் கூரையின் பாதியைக் கழற்றினேன். ரொடாந்தி கையை உள்ளே விட்டாள். மணிக்கட்டு வரை போயிற்று. தேவியின் மடியை, கையிலிருந்த கோதுமைக் கதிரை, முகத்தை விரல்கள் கண்டுபிடித்தன.

“உட்கார்ந்திருக்கா” என்றாள். “நான் பிள்ளைங்களுக்கு நிக்கிறான்னு சொல்லிக் கொடுத்திருக்கேன்.”

முன்பக்கம் வந்தபோது உடைந்த மூலையில் அவள் விரல் நின்றது. “இது இப்ப உடைஞ்சது. கூரா இருக்கு.”

“ஆமா.”

“ஒட்டிடுவியா?”

“ஒட்டிடுவேன்.”

வாசலில் கம்பு தட்டுகிற சத்தம் கேட்டது. ஆர்கிரிஸ். சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து வந்திருந்தான். கழுத்தில் துண்டுத்துணி அப்படியே தொங்கியது. இரண்டு பேரை விலக்கிக்கொண்டு பீடத்தருகே வந்து, கையை நீட்டி, வார் கட்டுகிற பெண்ணைத் தேடித் தொட்டான். இருந்த இடத்தில் இருந்தாள். அப்புறம்தான் மூச்சு விட்டான்.

“மேயருக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“நான் சொல்லல. ஆனா பழம் சாப்பிட்டதும் அந்த அதிகாரி அம்மாவைக் கூட்டிக்கிட்டு இங்கதான் வர்றாங்க.”

“அப்ப நீ போயிடு. பென்ஷன் போயிடும்.”

“வாயை மூடு ஸினோவியா. தொட்டுக்கிட்டிருக்கேன்.”

சொன்னபடியே வந்தார்கள். முதலில் மேயர், பின்னால் ஏதென்ஸ் அதிகாரி, இன்னும் நாலைந்து பேர். மேயர் முகம் சுண்டிப்போய்விட்டது. தரையில் கண்ணாடி, கையில் திருப்புளியோடு நான், கோயிலுக்குள் கைகளை விட்டபடி இத்தனை பேர். வாயைத் திறந்தார். அதற்குள் அதிகாரி அம்மா இரண்டு கைகளையும் சேர்த்துக்கொண்டு, “எவ்வளவு நல்லா யோசிச்சிருக்கீங்க” என்றார். “முதல்ல மூடி வெச்சுட்டு அப்புறம் எல்லார் முன்னாலயும் திறக்கிறது. பிரமாதம்.” போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார். “மேயர், நீங்களும் நில்லுங்க. அவங்க பக்கத்துல. கையை அங்க வைங்க.”

கிளியாந்திஸ் நின்றார். ஆர்கிரிஸின் தோளில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். படம் எடுத்து முடிகிற வரைக்கும் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. என் வாழ்நாளில் அத்தனை கோபம் எனக்கு வந்ததில்லை. திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்துக் காட்டினால், அதையும் அவர்கள் பரிசாக வாங்கிக்கொள்கிறார்கள். நான் கத்தினேன். “இது அவர் யோசனை இல்ல. அவர் மூடினார், நாங்க திறந்தோம்” என்று. அதிகாரி அம்மா என்னைப் பார்த்து, கலைஞர்களுக்கே உரிய உணர்ச்சி என்பதுபோலத் தலையாட்டினார். “இவங்க சொல்றது உண்மை” என்றாள் ரொடாந்தி, உரக்க. அதற்கும் தலையாட்டினார். கார் காத்திருந்தது. போய்விட்டார்.

திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தது. பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக நகராட்சி புகார். எழுதிக்கொண்ட போலீஸ்காரர் என் பள்ளித் தோழர்; எழுதும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதே வாரம் ஆர்கிரிஸை டெலிபோன் பலகையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தண்ணீர்ப் பிரிவின் பின்னறையில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள், போன் இல்லாத மேசை. இப்போது நகராட்சிக்குப் போன் செய்தால், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு இயந்திரம் பேசுகிறது. சனங்கள் அந்த இயந்திரத்தைத் திட்டுகிறார்கள். அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் அட்டையிலேயே அந்தப் படம் வந்தது: தூண்களுக்கு நடுவே விரல்கள், பக்கத்தில் சிரிக்கிற மேயர். அறிக்கை வந்த நாளில் கோயில் புதுக் கண்ணாடிக்குள் இருந்தது. இந்தத் தடவை பூட்டும் போட்டிருந்தார்கள்.

ரொடாந்தியின் சங்கம் விடவில்லை. அந்த அட்டைப் படத்தையே பெரிதாக அச்சடித்து ஏதென்ஸில் அமைச்சக வாசலில் போய் உட்கார்ந்தார்கள். படத்தில் இருக்கிற கை எங்களுடையது, அந்தக் கையை இப்போது எங்கே வைப்பது என்று கேட்டார்கள். தினம் கேட்டார்கள். நானும் வாரம் ஒரு தடவை போய் உட்கார்ந்தேன். ஆர்கிரிஸ் வரவில்லை; அவனை நான் கூப்பிடவும் இல்லை. ஆனால் அங்கே போகிற நாட்களில் என் பட்டறைக் கதவில் காலையில் எள்ளு வளைய ரொட்டி ஒன்று தொங்கும்.

இலையுதிர்காலத்தில் தீர்ப்பு மாதிரி ஒன்று வந்தது. நகராட்சியும் அமைச்சகமும் பேசி முடித்துக்கொண்டார்களாம். கண்ணாடி இருக்கும், முன்பக்கம் மட்டும் திறந்திருக்கும். என் மேல் போட்ட புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். எல்லாருக்கும் திருப்தி என்று பேப்பரில் போட்டார்கள். எனக்குத் திருப்தி இல்லை. முன்பக்கம் நின்று கையை நீட்டினால் தூண்கள் எட்டும், பின்பக்கத்துப் பலிபீடமும் கூட்டமும் எட்டாது. பார்க்கிறவனுக்கு நாலு பக்கமும் கோயில், தொடுகிறவனுக்கு ஒரு பக்கம். இதற்கு நன்றி வேறு சொல்ல வேண்டுமாம்.

திறந்த அன்று ஆர்கிரிஸும் நானும் போனோம். அவனுக்குக் கை நீளம் போதாது. தூண்களைத் தொட்டான், கூரையைத் தொட்டான், தேவியைத் தொட்டான். பிறகு கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, குனிந்து, தலையையும் தோளையும் பெட்டிக்குள் நுழைத்தான். பின்பக்கத்தை நோக்கிக் கையை நீட்டினான். இடுப்புக்கு மேலே ஆள் முழுக்கக் கண்ணாடிக்குள் இருந்தான்.

“ஐயா, ஐயா, வெளிய வாங்க” என்று காவலாளி ஓடிவந்தான். “உள்ள போகக் கூடாது. கை மட்டும்தான்.”

“யாருப்பா அது” என்றது கண்ணாடிக்குள்ளேயிருந்து அந்த டெலிபோன் குரல், முழங்கிக்கொண்டு. “கோயில்ல சத்தம் போடாதே.”

காவலாளி என்னைப் பார்த்தான். நான் அவனுக்கும் பெட்டிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

“தொடட்டும்” என்றேன். “முடிஞ்சா என்னைத் தள்ளிட்டுப் போ.”